திரைக்குப் பின் ஓர் உக்கிராணக்காரன்

சலனப்படம் காண்போர் நடிகரைப் புகழ்வர். இயக்குநரையும் சிலர் நினைப்பர். தயாரிப்பு நிர்வாகியை நினைப்பார் அரியர். அவனோ, கலியாண வீட்டிற் பந்திக்கு முன் அரிசியும் இலையும் எண்ணி வைத்துத் தான் கடைசியில் உண்பவனை ஒப்பான். இடத்துக்கு அனுமதி பெறுதல், வண்டி அமர்த்தல், உணவளித்தல், கூலி கொடுத்தல், நாளை யார் எப்போது வரவேண்டுமென அறிவித்தல் ஆகியன அவன் கடமைகள். ஒரு நாள் வீணாயின், அந்நாளின் செலவனைத்தும் வீணாம்.

வங்காளத்தில் சத்யஜித் ராய் ஆக்கிய 'பதேர் பாஞ்சாலி' இதற்குத் தக்க சான்றாகும். 1952 அக்டோபரில் வெண்ணாணற் பூக்களிடையே படப்பிடிப்பைத் தொடங்கினர். மறுவாரம் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம்வரை அக்காட்சி காத்திருந்தது. பொருளும் வற்றிற்று. ராய் தம் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தை அடகு வைத்தார். அதுவும் போதாமையால், நிர்வாகி அனில் சௌதுரி, ராயின் மனைவியார் பிஜயாவிடம் நகைகளை அடகுக்குக் கேட்டார், அவ்வம்மையாரும் இசைந்தார். பின்னர் மேற்கு வங்க அரசாங்கம் பொருளுதவ, 1955இல் படம் வெளிவந்தது.

பிறர் நகையைக் கேட்க நா எளிதில் எழாது. கோபுரங் கட்டுமுன் செலவைக் கணக்கிடுதல் வேதம் கற்பிக்கும் விவேகம். ஆயின், கணக்கிற் குறைவு கண்ட பின்னரும், பணி நன்றென அறிந்தால் அதனைக் கைவிடாமையும் உக்கிராணத் தொழிலின் பகுதியே என்பது எம் துணிபு. பிறர் பொன்னை ஏற்றவன் ஒவ்வொரு காசுக்கும் கணக்கொப்புவிக்கக் கடவன் என்பதையும் யாம் மறவோம்.

நண்பர்காள்! இனிப் படம் பார்க்குங்கால், திரையில் விரைந்து மறையும் அப்பெயரையும் நின்று வாசிப்போமாக.