அஞ்சல் பெட்டிக்கும் ஒரு கிராணி வேண்டும்

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் 28 ஆண்டுகள் உழைத்தவர். தோட்டத்துக்கு வரும் கடிதங்களை ஆபீஸ் கிராணியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பாராம். ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை என்று அப்பா இன்றும் பெருமையாகச் சொல்வார். அவர் மகளான நானோ, கைக்குள்ளேயே அஞ்சல் பெட்டியை வைத்துக்கொண்டு கடிதங்களைத் தொலைத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தானா ராத்தாவில் வீட்டிலிருந்தபடியே மலாய்க்கும் தமிழுக்கும் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். மாதச் சம்பளம் கிடையாது. வேலை வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. வேலை கொடுப்பவர்கள் ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். விலை பேசுவதும் வேலையை அனுப்புவதும் மின்னஞ்சலில்தான்.

2022இல் என் பழைய கணினி திடீரென்று செத்துப்போனது. அதோடு மூன்று ஆண்டுக் கடிதங்களும் போயின. அந்த நேரம் பார்த்து ஒருவர், "அந்த விலைக்கு நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?" என்று கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் கடிதம் இல்லை. 600 வெள்ளி கைவிட்டுப் போனது. அம்மாவின் கண்ணாடிக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அது.

தவறு என்னுடையதுதான். கடிதங்களைக் கொண்டுவர 'பாப்' என்ற முறையைத் தேர்ந்திருந்தேன். நான் அமைத்திருந்தபடி, அது கடிதத்தை நம் கணினிக்கு இறக்கிவிட்டு, அஞ்சல் நிலையத்தில் இருப்பதை அழித்துவிடும். 'ஐமேப்' முறையில் மூலக் கடிதம் நிலையத்திலேயே இருக்கும். கைப்பேசியிலும் கணினியிலும் அதையே பார்க்கலாம். ஆனால் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அதையும் மறக்கக் கூடாது.

அதன் பிறகு மூன்றை வைத்து யோசித்தேன். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த ஜிமெயிலில் ஒரே கடிதத்துக்கு இரண்டு மூன்று அடையாளச் சீட்டுகள் ஒட்டலாம். தேடினால் நொடியில் கிடைக்கும். அவுட்லுக்கில் கடிதமும் நாள்காட்டியும் ஒன்றாக இருக்கும். கெடு தேதி மறக்காது. அதே 2004இல் மொசில்லா வெளியிட்ட தண்டர்பேர்டு இலவசம். பல முகவரிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம், கணினியிலும் ஒரு பிரதி தங்கும். மழை கொட்டி இணையத் தொடர்பு அறுந்துபோகும் நம் மலைக்கு இதுவே பொருத்தம் என்று பட்டது. தொடர்பு இல்லாதபோதும் பழைய கடிதத்தைப் படிக்கலாம். பதிலை எழுதி வைத்து, பிறகு அனுப்பலாம். என் பழைய ஜிமெயில் முகவரியையே ஐமேப் முறையில் அதோடு இணைத்துக்கொண்டேன்.

ஆனால் தங்கைமாரே, பெட்டி மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. அடுக்கி வைக்க ஒரு கிராணியும் வேண்டும். நான் மூன்று அறைகள் வைத்திருக்கிறேன்: 'செய்ய வேண்டியது', 'பதில் வர வேண்டியது', 'பணம் வர வேண்டியது'. தோட்டத்தில் பெரட்டு எடுப்பதுபோல, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பேன். வேலை முடிந்து பணம் வந்ததும் கடிதத்தை அவரவர் பெயரில் உள்ள அறைக்கு மாற்றுவேன். மாதக் கடைசியில் தனி வட்டில் ஒரு பிரதி எடுத்து அலமாரியில் வைப்பேன்.

போன மாதம் இன்னொருவர் பேசிய விலையை மறந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் அவர் எழுதிய கடிதத்தையே எடுத்து அனுப்பினேன். மறுநாள் பணம் வந்தது. அம்மா புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இப்பதாம்மா நீயும் கிராணி ஆயிட்ட!" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே தேநீரை உறிஞ்சினார்.