விகுதி ஒன்று, பகுதி வேறு

1931இல் வான் ஆய்லரும் காடமும் குதிரையின் குடலிலும் மூளையிலும் கண்ட பொருளுக்குப் பெயர் தேடி அலையவில்லை. ஆய்வுப் பதிவில் கிடந்த 'பி' என்ற எழுத்தே நிலைத்தது: சப்ஸ்டன்ஸ் பி. அதன் 11 அமினோ அமிலங்களின் வரிசை 1971இல்தான் வெளிப்பட்டது.

சிறுகுடலில் எழும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் சில, இதனையும் இதன் உறவான நியூரோகைனின் ஏ-யையும் இரத்தத்தில் கலக்கின்றன. முகம் திடீரெனச் சிவந்து, வயிற்றுப்போக்கால் நலிபவரிடம் இவற்றை அளப்பது அதனாலேயே. அளப்பதோ எளிதன்று. இரத்த நொதிகள் பெப்டைடை விரைந்து அறுத்துவிடும். குளிர்ந்த குழாயும் நொதித்தடுப்பானும் வேண்டும். மேசையில் மறந்து வைத்த குழாய் 'குறைவு' என்று பொய்யுரைக்கும்.

இன்னொரு சிக்கல், இலக்கணம் பயின்றோர்க்குப் பழகியது. இரண்டு பெப்டைடுகளுக்கும் இறுதி ஐந்து அமினோ அமிலங்களில் நான்கு ஒன்றே. விகுதியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் இரண்டையும் ஒரே சொல்லென எண்ணிவிடும்; பகுதியைப் பற்றுவதே பிரித்தறியும். நடுக்குடல் கட்டியுள்ளவரிடம் நியூரோகைனின் ஏ ஏறிக்கொண்டே போவது நோய் முற்றுவதன் குறி. அங்கே இந்த மயக்கம் சிறு பிழையன்று. நோயாளியின் கைக்கு வரும் அறிக்கையிலோ எண் மட்டுமே இருக்கும். அதை வாசித்த எதிர்ப்பொருள் எதுவென்று பெரும்பாலும் இராது.