ஒரு ரூபாய்க்குள் ஒளிந்த வரி

தீப்பெட்டிக் கம்பெனிகளுக்குக் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். சிவகாசி முதலாளி ஒருவரிடம் மெழுகு என்ன விலை, அட்டை என்ன விலை என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வார். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி எவ்வளவு என்றால் என் முகத்தைப் பார்ப்பார்.

அதில் தப்பே இல்லை. 2007 முதல் 2021 நவம்பர் வரை கடையில் தீப்பெட்டி ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்குள் நடந்த கூத்து வாங்குகிறவர் கண்ணில் படவே இல்லை. ஜிஎஸ்டி வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 ஆக்கினார்கள். 600 பெட்டி கொண்ட பண்டலை 270 ரூபாய் என்று வைத்தால், கைத்தீப்பெட்டிக்கு ஏறிய வரி பண்டலுக்கு 19 ரூபாய், பெட்டிக்கு மூன்று பைசா. மூன்று பைசாவுக்காக எந்தக் கடைக்காரர் விலையை மாற்றுவார்? மெழுகும் சிவப்புப் பாஸ்பரசும் அட்டையும் சேர்ந்து ஏறிய பிறகுதான், 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். பதினான்கு வருட விலைவாசி ஒரே நாளில் கண்ணில் பட்டது.

சேவியர் கபே என்ற பொருளாதார அறிஞர் 2020இல் இந்தக் கவனக்குறைவையே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். தூரத்தில் வருவது மக்களுக்கு மங்கலாகத்தான் தெரியும். அதனால் நாளை வட்டி என்ன ஆகும் என்று மத்திய வங்கி சொல்வதற்கு வேகம் குறைவு, அரசு இன்று கையில் கொடுப்பதற்கு வேகம் அதிகம் என்றார். 2022 மே மாதம் இதைக் கண்ணால் கண்டேன். 4ஆம் தேதி ரெப்போ 4லிருந்து 4.40 ஆனது, ஒரு பேச்சும் இல்லை. 21ஆம் தேதி டீசல் கலால் வரியை லிட்டருக்கு 6 ரூபாய் குறைத்தார்கள். மறுநாளே லாரி வாடகையைக் குறைக்கச் சொல்லிப் போன் பறந்தது.

2023 பிப்ரவரியில் ரெப்போ 6.50. இருபது லட்சம் கேஷ் கிரெடிட் கடனுக்கு வருஷத்தில் ஐம்பதாயிரம் கூடுதல். மாதம் நாலாயிரம் சொச்சமாக வங்கியே பற்று எழுதிக்கொள்வதால் யாரும் கேட்டு வரவில்லை. (வெளியே ரெண்டு வட்டிக்கு வாங்குகிறவருக்கு, மும்பையில் ரிசர்வ் வங்கி என்ன அறிவித்தாலும் மாதம் நூற்றுக்கு ரெண்டுதான்.) வட்டியைச் சதவீதமாகச் சொல்வதையே நான் விட்டுவிட்டேன். மாதம் ஆயிரம் பண்டல் போடும் கம்பெனி என்றால், "அண்ணாச்சி, பண்டலுக்கு நாலு ரூபாய் கூடுதலா வட்டிக்குப் போகுது" என்பேன். நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வார்.

2025 செப்டம்பர் 22 முதல் தீப்பெட்டிக்கு வரி 12லிருந்து 5. 2021இல் பேசிய 430 ரூபாயையே பண்டல் விலையாக வைத்தாலும் 30 ரூபாய் மிச்சம்; பெட்டிக்கு ஐந்து பைசா. அதைத் திருப்பித் தரச் சில்லறைக் கடையில் நாணயம் கிடையாது. நடுவில் யார் கணக்குப் பார்க்கிறாரோ அவருக்குத்தான் அது போகும். மொத்த வியாபாரிகள் அடுத்த பில்லிலேயே கேட்டுவிட்டார்கள்.