பழைய யாட் வாங்கும் முன்...

விற்பனைக்கு நிற்கும் பழைய பாய்மரப் படகுக்குப் புது பெயிண்ட் அடித்து, மெத்தை உறையெல்லாம் மாற்றி வைத்திருப்பார்கள். வாங்க வருபவர் கண் அங்கேதான் போகும். இங்கிலாந்தில் விவரமானவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே, சர்வே திருப்தியாக இருந்தால்தான் வாங்குவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார்கள்.

சர்வேயர் செய்வது என்ன? படகைக் கிரேனில் தூக்கித் தரையில் நிறுத்தி (அந்தச் செலவு பெரும்பாலும் வாங்குபவர் தலையில்!), சின்னச் சுத்தியலால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். சந்தையில் தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரிதான். நல்ல ஃபைபர்கிளாஸ் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். ஈரம் அளக்கும் மீட்டரும் வைத்துப் பார்ப்பார். தண்ணீர் ஊறிக் கொப்புளம் கிளம்பியிருந்தால் அதற்கு ஆஸ்மாசிஸ் என்று பெயர். வாங்குபவர்கள் இதற்குத்தான் அலறுவார்கள். ஆனால் கொப்புளத்தால் படகு உடனே மூழ்கிவிடாது.

நிஜமாகப் பயப்பட வேண்டியது கீலுக்கு. படகு கவிழாமல் அடியில் இழுத்துப் பிடிக்கும் எடை அது. 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டன் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிகி’ என்ற படகு, நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. அதிலிருந்த நான்கு பேரும் திரும்பவில்லை. முன்பு தரைதட்டியதும் அதற்குப் பிறகு செய்த ரிப்பேர்களும் சேர்ந்து அடிப்பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது 2015-ல் வந்த விசாரணை அறிக்கை.

தரைதட்டிய கதையை எந்த விற்பனையாளர் தானாக வந்து சொல்வார்? கீல் இணையும் இடத்தில் விரிசலும் போல்ட்டில் துருவும் தேடுவது சர்வேயர்தான். அவரையும் தரகர் கைகாட்டி அமர்த்தாமல், வாங்குபவரே தேடிப்பிடிப்பது நல்லது.