ஏரி இருந்த இடத்தில் நாற்று நடுகிறார்கள்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் ஏஞ்சலிஸ் ஊருக்கு மேற்கே எல்வா ஆறு ஓடுகிறது. ஒலிம்பிக் மலைகளில் பிறந்து 72 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் ஆறு. 2015-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அதன் கரைக்குப் போனேன். முதலில் ஆல்ட்வெல் என்ற ஏரி இருந்த இடம். இருந்த இடம் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே இப்போது ஏரி இல்லை. நூறாண்டுக் காலம் நீருக்கடியில் கிடந்த தரையில் நடந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தரையில் என்னை நிறுத்தியவை அடிமரங்கள். இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். ஏரி நிரம்புவதற்கு முன்பு வெட்டப்பட்டவை. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஓர் ஆள் உயரத்தில் சிறு பொந்து செதுக்கியிருந்தது. அடிப்பகுதி மிகவும் பருத்திருந்ததால், மரம் வெட்டிகள் அந்தப் பொந்தில் பலகையைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று ரம்பம் இழுத்திருக்கிறார்கள். பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கோடரியின் வெட்டு விளிம்பு இன்னும் மழுங்கவில்லை. எப்பேர்ப்பட்ட காடு நின்ற இடம் அது!

அந்த ஏரியை உண்டாக்கியது 1913-இல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கட்டிய எல்வா அணை, 108 அடி. 1927-இல் மேலே கிளைன்ஸ் கேன்யன் அணை, 210 அடி. இரண்டும் மின்சாரத்துக்காக. மீன் ஏறிப்போக வழி வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் அப்போதே சொன்னது. இரண்டு அணையிலும் அந்த வழி வைக்கவில்லை. கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பும் சால்மன் மீன்கள் தலைமுறை தலைமுறையாகக் கீழ் அணையின் சுவர்வரை வந்து நின்றுபோயின. அந்த மீனை உண்டு, அந்த ஆற்றோடு வாழ்ந்தவர்கள் கிளாலம் பழங்குடியினர். தங்கள் குலம் தோன்றிய இடமென்று அவர்கள் போற்றும் பாறையும் ஏரியில் மூழ்கிப்போனது. அணைகளை எடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2011 செப்டம்பரில் உடைக்கத் தொடங்கி, 2014 ஆகஸ்டில் கடைசித் துண்டையும் வெடிவைத்து அகற்றினார்கள். பாறை மீண்டும் வெளியே வந்தது.

அணையைத் தகர்க்க வெடிமருந்து போதும். காட்டைத் திரும்பக் கொண்டுவரக் கை வேண்டும். அந்தக் கைகளைத்தான் மேல் அணையின் ஏரியான மில்ஸ் இருந்த பள்ளத்தாக்கில் பார்த்தேன்.

வாஷிங்டன் கன்சர்வேஷன் கோர் என்று ஓர் அமைப்பு 1983 முதல் இயங்குகிறது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கீழ், பெரும்பாலும் 18 முதல் 25 வயதுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, குறைந்த ஊதியத்தில் ஓராண்டுக் காலம் நிலத்தைச் சீர்செய்யும் வேலையில் ஈடுபடுத்துகிறது. ஒரு மேற்பார்வையாளர், அவரோடு ஐந்து பேர் என்று சிறு குழுக்கள். நான் பார்த்த குழு மழைக்கோட்டும் சேறு படிந்த பூட்சுமாகச் சரளை மேட்டில் குனிந்திருந்தது. தூறல் நிற்கவே இல்லை; நடவுக்கு அந்த மழைக்காலம்தான் ஏற்றது.

ஒரு பெண் நட்டுக்கொண்டிருந்ததை அருகே நின்று பார்த்தேன். குறுகிய அலகுள்ள மண்வெட்டியை மிதித்து இறக்கினாள், முன்னும் பின்னும் அசைத்துப் பிளவாக்கினாள். முதுகுப் பையிலிருந்து நாற்றை எடுத்து, வேர் மடங்காமல் தொங்கவிட்டு, மண்ணைத் தள்ளிக் குதிகாலால் அழுத்தினாள். பிறகு நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். ஒவ்வொரு நாற்றுக்கும் அந்தக் கடைசி இழுப்பு உண்டு. அதில் அவளுக்கு அலுப்பே தெரியவில்லை.

"இது பெரிய மரமாகும்போது எனக்குப் பாட்டி வயதாகியிருக்கும். அப்போதும் வந்து பார்ப்பேன்," என்றாள்.

அணைகளுக்குப் பின்னால் சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் சேர்ந்திருந்தது. மாவு போன்ற நுண்மண் இறுகிய இடம் ஒன்று, சரளையும் மணலும் மேடாகக் குவிந்த இடம் வேறு. சரளை மேட்டில் ஈரம் தங்காது, வெயிலும் காற்றும் நாற்றைக் கருக்கிவிடும். அதனால் பெரிய மரக்கட்டைகளை ஹெலிகாப்டரில் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். கட்டையின் நிழலில் நட்ட நாற்று பிழைக்கிறது. கட்டைமேல் உட்காரும் பறவை விதையைப் போட்டுவிட்டுப் போகிறது. லூபின் என்ற செடியையும் விதைத்திருந்தார்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பது. வெறும் சரளையை மண்ணாக்கும் வேலையை அது தொடங்கிவைக்கிறது.

விதைகளையும் வெளியிலிருந்து வாங்கவில்லை. எல்வா பள்ளத்தாக்கின் செடிகளிலேயே பொறுக்கி, சீக்விம் ஊருக்குப் பக்கத்திலுள்ள நாற்றங்காலில் வளர்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இந்தத் திட்டத்தில் நடப்பட்டவை மூன்று லட்சத்துக்கும் மேல். நடவைவிடக் கடினம் களையெடுப்பு என்றார் மேற்பார்வையாளர். காலியான நிலத்தை முதலில் பிடித்துக்கொள்ள வருவது இமயமலை பிளாக்பெர்ரி போன்ற அயல் முட்புதர். ஒரு துண்டு வேர் விட்டாலும் மறு ஆண்டு எழுந்து நிற்கும்.

இளைஞரை நிலத்துக்கு அனுப்பும் வழக்கம் அந்த நாட்டில் புதிதல்ல. 1933-இல், பெருமந்தக் காலத்தில், அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய, நிலப் பாதுகாப்புக்கான இளைஞர் படையில் ஒன்பதே ஆண்டில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் வேலை செய்தார்கள். மாதம் 30 டாலர். அதில் 25 வீட்டுக்குப் போய்விடும். அன்று அந்தப் பையன்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. எல்வாவில் நான் பேசியவர்களுக்கு, தாங்கள் பிறக்கும் முன்பே கெட்டுப்போன ஒன்றைத் தங்கள் கையால் சரிசெய்துவிட வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. 20 வயதில் ஓராண்டைக் கொடுக்க அதைவிட மேலான இடம் எனக்குத் தெரியவில்லை. எந்த அரசும் தன் இளைஞர்களுக்குக் கூலியோடு இப்படி ஓராண்டைக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும்.

சால்மன் மீண்டும் மேலே ஏறிவிட்டது. முட்டையிட்டு இறக்கும் மீன் கரடிக்கும் பறவைக்கும் மரவேருக்கும் உணவாகிறது. அது வர, ஆற்றில் நிழல் விழ வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும். 2023 அக்டோபரில், அணைகள் போன பிறகு முதல் முறையாக, கிளாலம் மக்கள் எல்வாவில் தங்களுக்கென்று கோஹோ சால்மன் பிடித்தார்கள்.