படிக்காமல் அழுத்திய ‘ஆம்’

2019 டிசம்பரில் ஓர் ஆசிரியையின் இரண்டு வருஷ உழைப்பை நான் அழித்தேன். பழியை வைரஸ் மேல் போட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு அது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் சம்பளம் வாங்காமல் நடத்திவந்தார். பவர்பாயின்ட்டில் ஒரு வினாடி வினா செய்திருந்தார். பிள்ளை சரியான விடையைத் தொட்டால் திரையில் ‘சரி’ என்று வரும், மதிப்பெண் ஏறும். அத்தனையும் மேக்ரோ எனும் நிரல். அறுபது வயதுக்குமேல் தானே கற்றுக்கொண்டு எழுதியது. மேக்ரோ எழுதும் எடிட்டரில் தமிழை நேராக அடிக்க முடியாது. எழுத்துக்கு எழுத்து எண் கொடுக்க வேண்டும். ‘சரி’ என்று வர 2970, 2992, 3007. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இந்த எண்களைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை என்னிடம் காட்டியிருக்கிறார். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அடையாறிலும் தி. நகரிலும் அதே வகுப்பைத் தொடங்க இருந்தார்கள். கோப்பை டெம்ப்ளேட்டாக மாற்றிவிட்டால், திறக்கும்போதெல்லாம் புதிய பிரதி வரும். மூலத்தில் யார் கையும் படாது. அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

“பத்து நிமிஷ வேலை டீச்சர்” என்றேன்.

பதினைந்து வருஷமாக ஸ்லைடு போட்டுக் கொடுப்பவன் என்ற மமதை. நகல் எடுக்காமல் பென் டிரைவிலேயே கோப்பைத் திறந்தேன். மேக்ரோ உள்ள பிபிடிஎம் கோப்பை பிஓடிஎம் டெம்ப்ளேட்டாகச் சேமித்தால் மேக்ரோவும் கூடவே வரும். பிஓடிஎக்ஸ் ஆகச் சேமித்தால் போய்விடும். இது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் பட்டியலில் கண்ணில் பட்ட பிஓடிஎக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பெட்டி வந்தது. நிரலை இந்த வகைக் கோப்பில் வைக்க முடியாது, அது இல்லாமலே சேமிக்கலாமா என்று கேட்டது. மைக்ரோசாஃப்ட் அந்தப் பெட்டியை வைத்ததே என் போன்றவர்களுக்காகத்தான். படிக்காமல் ‘ஆம்’ அழுத்தினேன். ஸ்லைடுகள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு பொத்தானையும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு கோப்பு எதற்கு என்று பழையதை அழித்தேன். பென் டிரைவில் அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது.

சனிக்கிழமை மாலை வகுப்பிலிருந்து போன் வந்தது. “தம்பி, பசங்க தொடறாங்க, ஒண்ணுமே வரலியேப்பா.”

அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பயந்துபோனேன். பெயர் கெடும், அடுத்த வேலை வராது என்று பயம். “உங்க பென் டிரைவ்ல வைரஸ் இருந்திருக்கும் டீச்சர்” என்றேன்.

“ஐயோ, உன் கம்ப்யூட்டருக்கு எதுவும் ஆகலியே?” என்று கேட்டார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார். ஏற்றுக்கொண்டேன்.

அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்கலாம். அன்று உண்மையைச் சொல்லி பென் டிரைவை வாங்கியிருந்தால், அன்று இரவே மீட்டிருப்பேன். சொல்லவில்லை. திங்கட்கிழமை அவர் ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், வைரஸ் போகட்டும் என்று அதை முழுதாக ஃபார்மட் செய்துகொண்டு வந்துவிட்டார். என் பேச்சை நம்பித்தான்.

நோட்டில் எழுத்துகளுக்கான எண்கள் மட்டுமே மிஞ்சின, நிரல் இல்லை. திரும்ப எழுத உட்கார்ந்தார். கண் ஒத்துழைக்கவில்லை. மற்ற இரண்டு இடங்களிலும் வினாடி வினா இல்லாமலே வகுப்பு தொடங்கியது. அந்தச் சனிக்கிழமை, கம்ப்யூட்டரைத் தொட்டுக் கெடுத்துவிட்டோமோ என்று ஒரு சிறுமி அழுதாளாம். அதையும் டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

போன மாதம் மந்தைவெளியில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமா தம்பி?”

“கிடைச்சிருக்கும் டீச்சர்.”