தேதி எழுதிய பலாக்கட்டை

தம்பி, கொழும்பிலிருந்து நீ வாங்கி வந்த அந்த இசைப்பொறிக்குக் கையில் வைத்தபடியே சாவி கொடு. கொசு பாடுகிற மாதிரி இருக்கிறதா? இப்போது மேசைமேல் அழுத்திப் பிடி. அடுப்படியில் நிற்கிற உன் பாட்டிக்கும் கேட்கும். உருளையில் இருக்கிற முட்கள் எஃகுச் சீப்பின் 18 பற்களைத் தட்டிவிடுகின்றன. இந்த யோசனை 1796இல் ஜெனீவாவில் அந்துவான் ஃபாவ்ர் என்ற கடிகாரக்காரருக்கு வந்தது. ஊசி மாதிரிப் பல் அதிர்ந்து எவ்வளவு காற்றைத் தள்ளிவிடும்? தள்ளுவது பலகை.

இந்தப் பச்சைப் பலாக்கட்டையில் அதற்கொரு பெட்டி கடைந்து தா என்று கேட்கிறாய். உனக்கு வருகிற ஞாயிறே வேண்டும்.

எனக்கும் ஒருகாலம் அப்படித்தான். தேயிலை ஸ்டோர் பட்டறையில் கையாளாக இருந்தேன். அக்கா கல்யாணத்துக்கு ஒரு குங்குமச் சிமிழ் கடைய ஆசை. கண்டிப் பக்கமிருந்து வந்த பலாக்கட்டை, ஆடி மழையில் நனைந்து கிடந்தது. ஒரே மூச்சில் கடைந்து முடித்தேன். மூடி அப்படிப் பொருந்தியது! ஈரம் போகட்டும் என்று தேயிலை உலர்த்துகிற சூளைப்பக்கம் வைத்தேன். மாலையில் பார்த்தால் நுனியிலிருந்து அடிவரை விரிசல். மூடி முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வளையத்தை ஒட்டி அதிகம், குறுக்கே குறைவு. வட்டம் கெட்டுப்போகும்.

மேல்மாடியில் கொழுந்து வாட ராத்திரி முழுக்கக் காத்திருக்கிற இடம் அந்த ஸ்டோர். அதே கூரையின் கீழ் நான் ஒரு கட்டைக்குக் காத்திருக்கவில்லை. அக்காவுக்குக் கடையில் வாங்கிய பித்தளைச் சிமிழ்தான் போனது.

கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டை என்று ஒரு ஊர். நாதஸ்வரம் கடைகிற ஊர். அந்த நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பச்சை மரத்தைத் தொடமாட்டார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சாமரத்து உத்தரம், தூண், இவற்றைத் தேடி வாங்குவார்கள். பல பத்து வருஷம் கூரையைத் தாங்கி ஈரமெல்லாம் விட்ட மரம். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குச் சுருதி இறங்கிய நீளமான பாரி நாதஸ்வரம் செய்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரியும் அந்த ஊர்க்காரர்தான். சிறிய திமிரியின் கூர்மையான சத்தத்தையே கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சரி, உன் கட்டைக்கு வா. ஐந்து அங்குல விட்டம் என்றால் இப்போது சுவரை அரை அங்குலம் விட்டு முரட்டாகக் குடைந்துகொள். மெலிசாக்காதே, கோணுவதற்கு அதற்கு இடம் வேண்டும். குறுக்குவெட்டு முகத்தில் மெழுகு பூசு. அங்கேதான் ஈரம் வேகமாக ஓடி வெடிக்கும். காற்று நேரே அடிக்காத இடத்தில் வை. வாரம் ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து எழுது. எடை இறங்குவது நின்றால் மரம் தயார். நம் திம்புள்ளை மலைப்பக்கத்தில் தை பிறந்து வறண்ட குளிர்காற்று அடிக்கும்வரை அது நிற்காது. நல்ல தேயிலையும் அந்தக் காற்றில்தானே வருகிறது.

அதற்குப் பிறகு லேத்தில் ஏற்றி மறுபடி வட்டமாக்கலாம். அடிப்பலகையை மெலிசாக்கிப் பொறியை அதிலேயே திருகலாம். கீழே மூன்று சின்னக் கால் வைத்தால் பலகை மேசையில் ஒட்டாமல் அதிரும்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அந்தப் பென்சிலை எடு. கட்டையின் அடியில் இன்றைய தேதியை எழுது. பக்கத்தில் எடையையும்.